பெசன்ட் நகருக்குப் பெயர் கொடுத்த அம்மையார்



சனி, ஞாயிறு நெருங்கினாலே நம் வாட்ஸ்அப் குழுவில் பெசன்ட் நகர் போகிறவர்கள் யார், காரில் இடம் இருக்கிறதா என்ற கேள்விகள் வந்துவிடுகின்றன. அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில், எலியட்ஸ் பீச், மிளகாய் பஜ்ஜி, இரவுச் சாப்பாடு என்று நம் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். குழந்தைகளுக்கும் பிடிக்கிறது, பெரியவர்களுக்கும் காற்று வாங்கின மாதிரி இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 29சி பேருந்தின் பலகையில் அந்தப் பெயரை எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். அந்த பெசன்ட் யார் என்று உங்கள் பேரப்பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? வெள்ளைக்காரப் பெண்மணி, காங்கிரஸ் தலைவராக இருந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது நினைவுக்கு வரும். அதற்கு மேல் பலருக்குத் தெரிவதில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரின் வாழ்க்கையில் நம்மைப் போல் அடுக்ககத்தில் வாழ்கிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு பகுதி இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுகிறேன். பெசன்ட் நகரை எப்படிச் சுற்றிப் பார்க்கலாம் என்பதும் பின்னால் வரும்.

பிறப்பும் திருமணமும்

1847 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். இயற்பெயர் அன்னி உட். குடும்பத்தில் ஐரிஷ் வழி உண்டு. ஐந்து வயதில் தந்தை இறந்துவிட்டார். தாயார் ஹாரோ என்ற ஊரில் பள்ளி மாணவர்களுக்கு விடுதி நடத்திப் பிழைத்தார். மகளைப் படிக்க வைக்கும் வசதி இல்லாததால் எல்லன் மேரியட் என்ற அம்மையாரின் பொறுப்பில் விட்டார். அங்கே நல்ல கல்வி கிடைத்தது.

இருபது வயதில் ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருடன் திருமணம் நடந்தது. டிக்பி என்று ஒரு மகன், மேபல் என்று ஒரு மகள். கைக்குழந்தையாக இருந்தபோது மேபலுக்குக் கக்குவான் இருமல் வந்து உயிருக்குப் போராடியது. பச்சைக் குழந்தை ஏன் இப்படித் துன்பப்பட வேண்டும் என்ற கேள்வி அந்தத் தாயின் மனத்தில் எழுந்தது. கேள்வி வளர்ந்து நம்பிக்கையே போய்விட்டது. நம்பிக்கை இல்லாமல் தேவாலயத்தில் நற்கருணை வாங்குவது பொய் என்று நினைத்து அதை மறுத்தார். பாதிரியாரின் மனைவியே மறுத்தால் ஊர் என்ன பேசும்? 1873-இல் இருவரும் பிரிந்தார்கள். மகன் தந்தையிடம், மகள் தாயிடம் என்று ஏற்பாடு.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கணவனைப் பிரிந்த பெண்ணுக்கு வேலையும் கிடையாது, மரியாதையும் கிடையாது. அன்னி எழுதியும் மேடையில் பேசியும் சம்பாதிக்கத் தொடங்கினார். சார்லஸ் பிராட்லா நடத்திய நாத்திகச் சங்கத்தில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் லண்டனில் பெயர் பெற்ற பேச்சாளர் ஆகிவிட்டார்.

ஒரு சிறு புத்தகமும் ஒரு மகளும்

1877-இல் அவரும் பிராட்லாவும் ஒரு சிறு புத்தகத்தை மறுபதிப்பு செய்தார்கள். சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதியது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் இன்று படம் போட்டு எழுதியிருக்கும் விஷயம் அப்போது ஆபாசம் என்று கருதப்பட்டது. இருவர் மீதும் வழக்கு வந்தது. அன்னி தன் வழக்கில் தானே வாதாடினார். ஆறு மாதச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் குற்றப்பத்திரிகையில் இருந்த ஒரு சட்டக் குறையால் தண்டனை ரத்தானது. வழக்கு நடந்ததாலேயே அந்தப் புத்தகம் லட்சத்துக்கு மேல் விற்றது.

சிறைக்குப் போகாமல் தப்பினாரே தவிர, அதைவிடப் பெரிய தண்டனை அடுத்த ஆண்டு வந்தது. இப்படிப்பட்ட புத்தகம் வெளியிட்டவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், பெண் குழந்தையை வளர்க்கத் தகுதியில்லாதவர் என்று கணவர் நீதிமன்றம் போனார். நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. சிறுமி மேபலைத் தாயிடமிருந்து பிரித்து அழைத்துப் போனார்கள். தாய்க்குக் கொடுமைக்காரி என்றோ, பிள்ளையைக் கவனிக்காதவள் என்றோ பெயர் இல்லை. அவருடைய கருத்துதான் குற்றம்.

பல ஆண்டுகள் கழித்து, வயது வந்ததும், மகனும் மகளும் தாங்களாகவே தாயைத் தேடி வந்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு தாய்க்கு இடையில் போன ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்? அந்த வீட்டில் இருந்த துக்கத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தீப்பெட்டித் தொழிலாளர்கள்

இனி நான் முதலில் சொன்ன பகுதி. கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1888 ஜூன் மாதம். கிழக்கு லண்டனில் போ என்ற பகுதியில் பிரயன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்களும் சிறுமிகளும். பங்குதாரர்களுக்கு 20 சதவீதத்துக்கு மேல் டிவிடெண்ட் கொடுக்கும் நிறுவனம் தொழிலாளிக்கு என்ன கொடுக்கிறது என்று அன்னி நேரில் போய் அந்தப் பெண்களிடமே விசாரித்தார்.

பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு வாரக் கூலி 4 ஷில்லிங். அதில் 2 ஷில்லிங் ஓர் அறை வாடகைக்கே போய்விடும். மீதி 2 ஷில்லிங்கில் சாப்பாடு, துணி, எல்லாம். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக வாரக் கூலி 48 பென்ஸ், ஆறு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 8 பென்ஸ். காலையில் தாமதமாக வந்தால் அரை நாள் வெளியே நிறுத்திவிட்டு அந்த 8 பென்ஸில் 5 பென்ஸைப் பிடித்துக்கொள்வார்கள். கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ் அபராதம். அதாவது ஒரு வாரக் கூலியில் பதினாறில் ஒரு பங்கு. முதலாளிக்குப் பிடித்த ஓர் அரசியல் தலைவருக்குச் சிலை வைக்கிறோம் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு ஷில்லிங் பிடித்ததாகவும் அந்தப் பெண்கள் சொன்னார்கள். தீக்குச்சிக்குப் பயன்பட்ட வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரித்துவிடும். அந்த நோய்க்கு அஞ்சிக்கொண்டே வேலை செய்தார்கள்.

இதையெல்லாம் கணக்கோடு தன் பத்திரிகையில் எழுதினார் அன்னி. நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? அந்தக் கட்டுரை பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்படி தொழிலாளர்களைக் கேட்டது. அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கியதும் சுமார் 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள். இந்த வேலைநிறுத்தத்தை அன்னி திட்டமிடவில்லை. அந்தப் பெண்களே முடிவெடுத்தார்கள். அவர் செய்தது, அவர்களுக்காக நிதி திரட்டியதும், நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்க வைத்ததும், சங்கம் அமைக்க உதவியதும். இரண்டு வாரத்துக்குள் நிறுவனம் இறங்கி வந்தது. அபராதங்கள் ஒழிந்தன. புதிய சங்கத்துக்கு அன்னியே முதல் செயலாளர் ஆனார்.

அந்தத் தொழிற்சாலைக் கட்டடம் இன்று என்ன தெரியுமா? அடுக்குமாடிக் குடியிருப்பு. நம்மைப் போன்ற குடும்பங்கள் அங்கே வசிக்கின்றன.

அதே ஆண்டு லண்டன் பள்ளிக் குழுத் தேர்தலிலும் வென்று, பசியோடு வரும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உணவு தர வேண்டும் என்று வாதாடினார்.

அடையாறுக்கு வந்த கதை

1889-இல் அவர் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதிய ஒரு பெரிய நூலுக்கு மதிப்புரை எழுதும் வேலை வந்தது. படித்தார், ஆசிரியரைப் போய்ப் பார்த்தார், தியசாபிகல் சொசைட்டியில் சேர்ந்துவிட்டார். அதாவது பிரம்மஞான சபை. பதினைந்து ஆண்டுகள் நாத்திகம் பேசியவர் இப்படி மாறியது நண்பர்களுக்கு அதிர்ச்சி. பிராட்லாவுக்கும் வருத்தம். ஆனால் தன் மனத்துக்கு உண்மை என்று பட்டதை ஒளித்து வைக்க அவருக்குத் தெரியாது. பாதிரியாரின் மனைவியாக இருந்தபோதும் அப்படித்தான், நாத்திகர்கள் நடுவிலும் அப்படித்தான்.

1893 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தார். வந்து இறங்கியது நம் தூத்துக்குடியில். அப்போது அவருக்கு வயது 46. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் இதுதான் அவருக்கு ஊர். 1898-இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் மாளவியா அமைத்த பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அடிப்படை. 1907-இல் கர்னல் ஆல்காட் மறைந்ததும் சபையின் தலைவரானார். இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1882-இல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் அடையாற்றின் தென்கரையில் வாங்கியது 27 ஏக்கர் தோட்டம். அம்மையார் தலைவரான பின் பக்கத்துத் தோட்டங்களையும் தோப்புகளையும் வாங்கிச் சேர்த்தார். இன்று அது 250 ஏக்கருக்கு மேல். ஆற்று முகத்துவாரம் வரை நீளும் அந்தப் பச்சை இன்னும் வெட்டப்படாமல் இருப்பதற்கு அந்தக் கிரயப் பத்திரங்களும் ஒரு காரணம்.

டெபாசிட்டும் சிறையும்

1914-இல் சென்னையில் ஒரு நாளிதழை வாங்கி நியூ இந்தியா என்று பெயர் மாற்றினார். அரசாங்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். 1916-இல் பத்திரிகைச் சட்டப்படி 2,000 ரூபாய் ஜாமீன் தொகை கட்டச் சொன்னார்கள். கட்டினார். சில மாதத்தில் அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 ரூபாய் கேட்டார்கள். அதையும் கட்டிவிட்டுத் தொடர்ந்து எழுதினார். அந்தக் காலத்து 10,000 ரூபாய் என்ன மதிப்பு என்று நம் குடியிருப்பின் மூத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஹோம் ரூல் லீக் என்ற சுயாட்சி இயக்கத்தைத் தொடங்கினார்.

1917 ஜூனில் சென்னை அரசு அவரையும், உடன் உழைத்த ஜார்ஜ் அருண்டேல், பி.பி.வாடியா இருவரையும் காவலில் வைத்தது. உதகமண்டலத்தில் ஒரு வீட்டில் இருந்தார்கள். அங்கேயும் சிவப்பும் பச்சையுமான சுயாட்சிக் கொடியை ஏற்றிவிட்டார். நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற எஸ்.சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். அதற்காக ஆட்சியாளர்கள் கடிந்துகொண்டதும், தனக்குத் தந்த சர் பட்டத்தைத் துறந்தார். இதுவரை ஒதுங்கியிருந்த ஜின்னா போன்றவர்கள் லீக்கில் சேர்ந்தார்கள். செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைவர். காங்கிரசுக்குத் தலைவரான முதல் பெண். வயது 70. அதே 1917-இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்துக்கும் அவரே முதல் தலைவர்.

எதிர்ப்புகளும்

எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாரதியார் அவரையும் அவருடைய சபையையும் கிண்டல் செய்து ஆங்கிலத்தில் ஒரு நரிக் கதையே எழுதினார். நீதிக்கட்சியின் டி.எம்.நாயர் அவருடைய சுயாட்சி ஒரு சாதியாரின் ஆட்சியாகவே முடியும் என்று கடுமையாக எதிர்த்தார்.

ஜே.கிருஷ்ணமூர்த்தி விஷயமும் உண்டு. 1909-இல் அடையாறு கடற்கரையில் சிறுவனாக இருந்த அவரை சபையினர் கண்டெடுத்து, உலக குருவாக வரப்போகிறவர் என்று அறிவித்தார்கள். அம்மையார் அவரையும் தம்பியையும் தன் பொறுப்பில் வளர்த்தார். பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி தந்தை நாராயணையா வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. லண்டன் பிரிவி கவுன்சிலில் அம்மையார் வென்றார். தன் மகளை நீதிமன்றத்தில் இழந்தவர், வேறொருவரின் மகன்களுக்காக நீதிமன்றத்தில் நின்றதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். தந்தைக்காக வாதாடிய வக்கீல் சி.பி.ராமசாமி ஐயர் பின்னால் அம்மையாரின் சுயாட்சி இயக்கத்திலேயே முக்கியமானவர் ஆனார் என்பது இன்னொரு வேடிக்கை. கிருஷ்ணமூர்த்தியோ 1929-இல் தனக்காக அமைத்த அமைப்பையே கலைத்துவிட்டுத் தன் வழியில் போனார்.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை அம்மையார் ஏற்கவில்லை. சட்டத்தை மீறக் கூட்டத்தைப் பழக்கினால் பின்னால் கட்டுப்படுத்த முடியாது என்பது அவர் கருத்து. மூன்று ஆண்டுகளுக்கு முன் தலைவராக உட்கார வைத்தவர்களே அவரைப் பேச விடாமல் கூச்சல் போட்டார்கள். செல்வாக்கு சரிந்தது. அவர் கருத்து சரியா தவறா என்பது வேறு. கைதட்டல் போய்விடும் என்று தெரிந்தும் மாற்றிப் பேசவில்லை.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை

இன்னொரு தொடர்பு. அம்மையாரோடு உதகையில் காவலில் இருந்த பி.பி.வாடியா, விடுதலையான பின், 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதில் கூட நின்று உழைத்தவர் திரு.வி.க. இன்று 29சி பேருந்து பெரம்பூரில் புறப்பட்டு, திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து, பெசன்ட் நகரில் போய் நிற்கிறது. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல, அப்படி அமைந்துவிட்டது. அடுத்த முறை அந்தப் பேருந்தில் போனால் பாலத்தைக் கடக்கும்போது குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

1933 செப்டம்பர் 20-ஆம் தேதி அடையாற்றிலேயே அம்மையார் காலமானார். 86 வயது முடிய பதினோரு நாள் இருந்தது. சபைத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அதன் தெற்கே கடலோரமாக, 1970-களில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளோடு வளர்ந்த பகுதிக்கு அவர் பெயர் வந்தது. அன்று அது ஊருக்கு வெளியே இருந்த புறநகர். இன்று நடக்க இடமில்லை.

எப்படிப் போவது, என்ன பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். சபைத் தோட்டம் ஞாயிறும் விடுமுறை நாளும் மூடியிருக்கும். மற்ற நாளிலும் காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம்தான் பார்வையாளர்களை விடுவார்கள். போன் செய்து கேட்டுக்கொண்டு வார நாளிலோ சனிக்கிழமையிலோ காலையில் போங்கள்.

முதலில் சபைத் தோட்டம். பெரிய ஆலமரத்தைப் பாருங்கள். 1989-இல் புயல் காற்றில் நடுமரம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் விழுதுகள் பரந்து நிற்கின்றன. ஒரே வளாகத்தில் இந்து, பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய, பார்சி வழிபாட்டிடங்கள் இருக்கின்றன. ஆல்காட் 1886-இல் தொடங்கிய அடையாறு நூலகத்தில் ஓலைச்சுவடிகள் ஏராளம். உள்ளே தின்பண்டம் வேண்டாம், சத்தம் வேண்டாம். மூத்தவர்களுக்கு நடை அதிகம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம்.

அடுத்து திருவான்மியூர் பக்கம் கலாக்ஷேத்ரா. இதுவும் அம்மையாரின் நிழலில் வளர்ந்ததுதான். அருண்டேலின் மனைவி ருக்மிணி தேவி 1936-இல் அடையாற்றில் தொடங்கியது. பிறகு திருவான்மியூருக்கு மாறியது. நடன வகுப்புகளோடு கைத்தறி நெசவும் கலம்காரி வேலையும் இங்கே உண்டு. புடவை வாங்க நினைப்பவர்கள் அகலக் கரை போட்ட கலாக்ஷேத்ரா புடவையை இங்கே பார்த்துவிட்டு, பிறகு மற்ற கடைகளில் விலை கேளுங்கள். தரம் எது என்று கண்ணுக்குப் பழகிவிடும். இங்கும் பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு இட்லி, தோசை முதல் பீட்சா வரை பெசன்ட் நகரில் எல்லாம் கிடைக்கிறது. கடற்கரைச் சாலை உணவகங்களைவிட உள்தெருக்களில் கூட்டமும் பில்லும் குறைவு. மாலை நான்கு மணிக்கு மேல் அஷ்டலட்சுமி கோயில். 1976-இல் குடமுழுக்கு நடந்த கோயில். சில சன்னதிகளுக்குப் படியேற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் கீழ்ச் சன்னதியோடு நிறுத்திக்கொள்ளலாம். அருகிலேயே வேளாங்கண்ணி மாதா கோயிலும், சற்றுத் தள்ளி அறுபடை வீடு முருகன் கோயிலும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழா. அந்த நாட்களில் காரில் போவதைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாகக் கடற்கரை. தேங்காய் மாங்காய்ப் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், மீன் வறுவல், சங்குப் பொருள்கள், வளையல், பொம்மை எல்லாம் அங்கேயே. மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அது கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் என்று நம்மவர்கள் சொல்வது. அவர் பெயர் கை ஷ்மிட், டென்மார்க் மாலுமி. 1930 டிசம்பர் 30 அன்று கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர். அந்த ஒரு காரணமே போதும், பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

நம் பொதுக்குழுவுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த பொதுக்குழுவில் துப்புரவுப் பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். வரைவு உங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. பெரும்பாலோர் கட்டணத் தொகையை மட்டும் பார்த்திருப்பீர்கள். ஏழாம் பிரிவையும் படியுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தால் அரை நாள் கூலி பிடித்தம் என்று இருக்கிறது. பிடித்த பணம் நம் சங்கக் கணக்கில் வரவு வைக்கப்படும். மாதத்துக்கு அது எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டேன். நம் வீட்டுக்குப் பங்கு பிரித்தால் ஒரு காபிக் காசுகூட வராது. ஆனால் பிடிக்கப்படும் பெண்ணுக்கு அது அன்றைய அரிசி, காய்கறிக் காசு. அவர்கள் இரண்டு பேருந்து மாறி வருகிறார்கள். மழை நாளில் நம் ஆபீஸ் கார்களே நேரத்துக்குப் போவதில்லை.

8 பென்ஸில் 5 பென்ஸ் பிடித்ததைப் படித்தபோது உங்களுக்குக் கோபம் வந்ததா? அந்தத் தொழிற்சாலையில் 1888-இல் ஒழிந்த விதி நம் வாசலில் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. தாமதம் கூடாது என்றால் கண்காணிப்பாளர் பேசட்டும், நேரத்தை அரை மணி தள்ளி வைக்கலாம், அல்லது வேலை முடியும் நேரத்தில் ஈடு செய்யச் சொல்லலாம். ஏழாம் பிரிவை நீக்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன். எதிராகப் பேச விரும்புகிறவர்களும் தாராளமாக வந்து பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் வாருங்கள். கோரம் இல்லாமல் கூட்டம் தள்ளிப்போனால் வரைவு அப்படியே நடைமுறைக்கு வந்துவிடும்.